நாலு இல்லாத கணக்கு

மார்ச் கடைசியும் நோன்பின் கடைசிப் பத்தும்
ஒரே வாரத்தில் வந்து விழுந்த வருஷம்.
மூன்று ஐஸ் பிளாண்ட், ஒரு நண்டுக் கம்பெனி,
ஏர்வாடிப் பாதையில் ஒரு டீசல் பங்க்,
இத்தனை பேருடைய வரவும் செலவும்
கீழக்கரையில் என் லேப்டாப்புக்குள் இருந்தன.

பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் வந்தது.
பாங்குக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்.
பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தப் போனது
என் முழங்கைதான்.
பிள்ளைகள் மேல் பழி போடவும் வழியில்லை,
அவர்கள் மொட்டைமாடியில்.

தண்ணீர் என்றால் ஓடியிருக்கும்.
கஞ்சி, தேங்காய்ப்பாலின் கனத்தோடு
ஒவ்வோர் எழுத்திடமும் வழி விசாரித்து
இறங்கியது.
திரை ஒருமுறை மினுங்கியது.
அப்புறம் நான்தான் அதில் தெரிந்தேன்,
கறுப்பாக.

பாங்கு சொன்னார்கள்.
ஒரு கையில் பேரீச்சம்பழம்,
மறு கையில் கவிழ்த்துப் பிடித்த கணினி.
சொட்டியது, பூண்டு வாசத்தோடு.

"அரிசிக்குள்ள பொதச்சு வையி" என்றாள் மச்சி ஜெய்னம்பு.
"வெயில்ல போடு" என்றார் இவர்,
கருவாட்டுக்குச் சொல்வதைப் போல.
ராமநாதபுரத்திலிருந்து முனியராஜ் போனில் சொன்னான்:
"குலசாமி கும்பிட வந்திருக்கேன்க்கா, மூணு நாளாகும்.
கவுத்துப் போட்டு வைங்க.
என்ன ஆனாலும் ஆன் மட்டும் பண்ணிராதீங்க."

"அதுக்கும் நோன்பு" என்று சிரித்தார் இவர்.
நான் சிரிக்கவில்லை.

துண்டின் மேல் கூடாரம் போல நின்றது அது.
ஃபேனைத் திருப்பி வைத்தேன்.
ஃபேன் வீசியதும் உப்புக் காற்றுதான்.
சன்னல் கம்பியைப் பொரித்துத் தின்றதும்
போன பெருநாளைக்கு வாங்கிய சைக்கிளைக்
கிழவனாக்கியதும் இந்தக் காற்றுதான்.

இரண்டாம் இரவு சஹருக்கு முன்னால் விழித்தேன்.
மதுரை ஆடிட்டரின் செய்தி போனில்:
நாளைக்குள் முடியுமா மேடம்.
வீடு முழுக்கத் தூக்கம்.
பதினோரு வயதில் ஒளுச் செய்யும்போது
வாய் கொப்பளித்த தண்ணீரில் ஒரு மிடறு
உள்ளே விட்டிருக்கிறேன், வேண்டுமென்றே.
அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை.

அழுத்தினேன்.

ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.
உள்ளே 'டிக்' என்று ஒன்று.
திரும்பவும் கவிழ்த்து வைத்துவிட்டு
அரிசி களையப் போனேன்.

முனியராஜ் நெற்றியில் இன்னும் விபூதி.
பதினொரு திருகாணியை மூடியொன்றில் போட்டான்.
விசைப்பலகைக்கு அடியிலிருந்து
ஊதிப்போன ஒரு வெந்தயத்தை எடுத்து
தினத்தாள் மேல் வைத்தான்,
பல் வைத்தியரைப் போல.

"தண்ணி போயிருங்க்கா. உப்புதான் போகாது."
லென்ஸைக் கொடுத்தான்.
பச்சைத் தகட்டின் மேல் இன்னொரு பச்சை,
பாறையில் பாசி ஏறுவது மாதிரி.

"நடுவுல ஆன் பண்ணுனீங்களா?"

"இல்லையே."

நோன்பு வாயோடு சொன்னேன்.
அவன் ஒரு கறுத்த புள்ளியைத் தொட்டான்.
எறும்புக் கண் அளவு.
"சரி, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க"
என்றுவிட்டு, ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை முக்கினான்.

பிழைத்துக்கொண்டது.
நாலு மட்டும் வரவில்லை.
எத்தனை அழுத்தியும் நாலு இல்லை.
ஐஸ் பிளாண்ட்டில் எங்கோ கிடக்கிற நாலை
நகலெடுத்து
நண்டுக் கம்பெனியில் ஒட்டுகிறேன்.
நாற்பத்து நாலாயிரம் என்றால் இரண்டு முறை கடன்.
மார்ச் முப்பத்தொன்று இரவு பதினொன்றரைக்கு
எல்லாம் ஏறிவிட்டது.

பெருநாள் காலையில் முனியராஜுக்குப் பணம் அனுப்பினேன்.
கூலி இரண்டாயிரத்து நானூறு.
இரண்டாயிரத்து ஐந்நூறாக அனுப்பினேன்.
சொல்ல முடியாததை நூறாக்கினால்
போய்ச் சேருமென்று ஒரு நினைப்பு.

ஐந்து நிமிஷத்தில் நூறு திரும்பி வந்தது.
'பெருநாள் வாழ்த்துக்கள் அக்கா,
பிரியாணி மறந்துராதீங்க.'

என் வீட்டுக் கணக்கைத் திறந்தேன்.
சூடேறினால் இன்னும் பூண்டு மணக்கிறது.
'லேப்டாப் ரிப்பேர்' என்று அடித்துவிட்டு
ஒரு நாலைத் தேடி
டீசல் பங்க்கிற்குள் போனேன்.